பல்லைப் பிடுங்கும் முன்னே

செலாயாங்கிலும் பத்துமலை வட்டாரத்திலும் இன்று அடுக்குமாடிகளில் குடியிருக்கும் நம் குடும்பங்களில் பல, தோட்டங்களிலிருந்து வந்தவை. லயத்திலிருந்து நாம் கூடவே கொண்டுவந்த பழக்கம் ஒன்று உண்டு. பல் வலித்தால் கிராம்பை வைத்துக் கடிப்போம். வலி மாத்திரை போடுவோம். சில நாளில் வலி நின்றுவிட்டால், "சரியாகிவிட்டது" என்று வேலைக்குப் போய்விடுவோம். மறுபடியும் வலித்தால் பிடுங்கிவிடுவோம்.

வலி நின்றால் நோய் தீர்ந்ததா? அதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உளி பட்டையோடு நின்றால் மரத்துக்குக் கெடுதல் இல்லை. உள்ளே இறங்கினால் மரம் காயப்படும். பல்லும் அப்படியே. வெளியே எனாமல் என்னும் கெட்டியான ஓடு. நடுவில் மிருதுவான கூழ். அந்தக் கூழில் நரம்பும் இரத்தக் குழாய்களும் இருக்கின்றன. அவை வேருக்குள் இருக்கும் மெல்லிய குழாய் வழியாகத் தாடை எலும்போடு சேர்கின்றன.

சொத்தை மேலோடு இருக்கும்போதே அடைத்துவிட்டால் தொல்லையில்லை. கூழ் வரைக்கும் போய்விட்டால் கிருமிகள் உள்ளே நுழைந்துவிடும். கூழ் வீங்கும், வீங்க இடமில்லாததால் இரவெல்லாம் விண் விண்ணென்று தெறிக்கும். பிறகு கூழ் செத்துப்போகும். வலியைச் சொல்லவேண்டிய நரம்பே செத்துவிட்டதால் வலி நின்றுவிடும். ஆனால் கிருமிகள் சாகவில்லை. அவை வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டும். செத்த கூழுக்கு இரத்தம் போவதில்லை. அதனால் நாம் விழுங்கும் மருந்தும் அங்கே போய்ச் சேராது. மாத்திரையால் மட்டும் இது தீராததற்குக் காரணம் அதுதான்.

இந்த நிலையிலும் பல பற்களைக் காப்பாற்றலாம். அதற்குத்தான் வேர் சிகிச்சை, அதாவது 'ரூட் கெனால்'. மருத்துவர் முதலில் மரத்துப்போக ஊசி போடுவார். பிறகு பல்லில் சிறு துளையிட்டு, ஊசிபோன்ற மெல்லிய அரங்களால் கெட்டுப்போன கூழை எடுப்பார். கிருமிகொல்லும் திரவத்தால் குழாயைக் கழுவி, அடைத்துவிடுவார். முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரு குழாய்தான். கடைவாய்ப் பல்லுக்கு மூன்று நான்கு இருக்கும். ஆகவே சிலருக்கு இரண்டு மூன்று முறை போகவேண்டி வரும்.

குழாயை அடைக்கும் பொருள் எது தெரியுமா? கட்டாபெர்ச்சா. மலாய் மொழியின் 'கெத்தா பெர்ச்சா' என்ற சொல்தான் அப்படி மாறியது. இது நம் நாட்டுக் காடுகளில் வளரும் தாபான் மரத்தின் பால். ரப்பர் போல இது நீளாது. சூட்டில் இளகி, ஆறினால் இறுகும். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக ஒரு காலத்தில் இதுவே உதவியது. 1867-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பவ்மன் என்ற பல் மருத்துவர் இதைப் பல்வேரில் அடைத்துக் காட்டினார். இன்றும் இதனுடன் துத்தநாக ஆக்ஸைடு முதலியவற்றைக் கலந்து பயன்படுத்துகிறார்கள். ரப்பர்ப்பால் எடுத்து வளர்ந்த நம் குடும்பங்களுக்கு, ஒரு மரத்தின் பாலே பல்லைக் காக்கிறது என்பது புதிய செய்தியாக இருக்கலாம்.

ஒன்றை மறக்கவேண்டாம். முதல் தடவையிலேயே வலி போய்விடலாம், அதோடு நின்றுவிடக்கூடாது. தற்காலிக அடைப்பு தேய்ந்து, கிருமிகள் மறுபடி நுழையும். வேர் சிகிச்சை முடிந்த கடைவாய்ப் பல் எளிதில் உடையக்கூடும்; மருத்துவர் உறை போடச் சொன்னால் போட்டுக்கொள்வது நல்லது. வேர் பிளந்துபோன பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும். அதை மருத்துவரே சொல்லட்டும். இனிப்புநீர் உள்ளவர்கள் அதை முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும்.

தாய்மார்களே, ஏறத்தாழ ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல் பால்பல் அல்ல. அது விழுந்து முளைக்காது. பிள்ளைகளுக்கு அதைக் காப்பாற்றிக் கொடுங்கள்.

முகம் அல்லது கழுத்து வீங்கி, காய்ச்சலோடு வாய் திறக்கவோ, விழுங்கவோ, மூச்சுவிடவோ சிரமமானால் விடியும்வரை காத்திருக்கக்கூடாது. உடனே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும். செலாயாங்கில் 1999-இல் திறந்த மருத்துவமனை இருக்கிறது.

மற்றபடி, வலித்த பல் வலிக்காமல் போனாலும் அரசாங்கப் பல் கிளினிக்கில் ஒருமுறை காட்டிவிடுவோம். பிடுங்குவது ஒரு நிமிட வேலை. போன பல் திரும்ப முளைக்காது.