தொதலும் பதநீரும்



மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரன் கதை யாவரும் அறிந்ததே. மதுரையில் அமுதசுரபியால் பசிப்பிணி தீர்த்த அவன், மழை வளம் பெருகியபின் உண்ண வருவாரின்றி வருந்துகிறான். சாவக நாட்டில் மழையின்றி உயிர்கள் மடிகின்றன எனக் கடல்வழி வந்தோர் கூறக் கேட்டு, அந்நாடு நோக்கிக் கலமேறுகிறான். வழியில் மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டு உயிர் நீத்த அவன், மறுபிறவியில் சாவகத்தின் மன்னனாகிறான். இச்சாவகம் இன்றைய ஜாவாவைச் சார்ந்த தீவுப்பகுதி என ஆய்வாளர் கருதுவர். தமிழ்க் காப்பியம் அந்நாட்டை உணவுக் கலத்தோடு சேர்த்தே நினைத்தது என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

காப்பியத்தில் மட்டுமன்று, அடுக்களையிலும் இவ்வுறவு உண்டு. திருப்புல்லாணிக்கு அண்மையிலுள்ள கீழக்கரையில் தொதல் என்னும் இனிப்பு புகழ் பெற்றது. அரிசி மாவையும் தேங்காய்ப் பாலையும் கருப்பட்டியையும் சேர்த்து, அடுப்பில் மணிக்கணக்கில் கை ஓயாமல் கிண்டி எடுப்பது அது. ஜாவாத் தீவின் கரூட் நகரமோ தோதோல் என்னும் இனிப்புக்குப் பெயர் பெற்றது. அங்கும் அரிசி மாவு, தேங்காய்ப் பால், மரத்திலிருந்து இறக்கிய வெல்லம். கிண்டும் முறையும் அதுவே. இலங்கையிலும் இப்பண்டம் இதே பெயரால் வழங்குகிறது. மரக்கலங்கள் சென்று வந்த பாதையை ஓர் இனிப்பின் பெயர் இன்றளவும் காத்து வைத்திருக்கிறது.

ஜாவா மக்கள் தம் உணவையும் மூலிகைப் பானத்தையும் எங்ஙனம் போற்றுகின்றனர்? அங்கு ஜாமு என்பது மூலிகைப் பானங்களின் பொதுப்பெயர். மஞ்சளும் புளியும் சேர்ந்தது ஒன்று. ஊறவைத்த அரிசியும் கச்சோலமும் சேர்த்து அரைப்பது மற்றொன்று. பானம் நிறைந்த புட்டிகளைக் கூடையில் அடுக்கி, முதுகில் துணியால் கட்டிச் சுமந்து, தெருத்தெருவாக விற்கும் பெண்கள் அங்கு உளர். யோக்கியகர்த்தாவை அடுத்த கிரிங்கான் என்னும் சிற்றூரில் இத்தொழில் செய்யும் பெண்களின் இல்லங்களையே பயணிகள் நாடிச் செல்கின்றனர். மஞ்சள் அரைபடுவதைக் கண்டு, அரைத்தவர் கையாலேயே வாங்கிப் பருகுகின்றனர். 2023ஆம் ஆண்டு யுனெஸ்கோ, ஜாமுப் பண்பாட்டை மானுடத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் ஏறியது பானம் மட்டுமன்று. அதனை ஆக்கும் அறிவும் பழக்கமும் ஆகும்.

இனிச் சேதுநாட்டுக்கு வருவோம். திருப்புல்லாணி நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று. தயரதன் மகப்பேறு வேண்டிப் பாயசம் பெற்ற தலம் எனத் தலமரபு கூறும். மகப்பேறு வேண்டுவோர் சேதுக்கரையில் நீராடி, நாகப் பிரதிட்டை செய்து, ஆதிஜகந்நாதப் பெருமாள் கோயிலின் பாயசத்தைப் பெற்று உண்பர். வைணவ மரபில் அதற்குத் திருக்கண்ணமுது என்று பெயர். ஓர் உணவைத் தேடி மக்கள் நெடுந்தொலைவு வரும் வழக்கம் இவ்வூருக்குப் புதிதன்று என்பது இதனால் விளங்கும்.

ஆயினும் இராமேசுவரம் நோக்கிச் செல்லும் ஊர்திகளில் பல, பனங்காட்டைச் சன்னல் வழியே கண்டு கடந்து விடுகின்றன. அக்காட்டில் வேனிற்காலத்தில் பொழுது புலருமுன் ஒருவர் மரமேறுகிறார். பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுகிறார். அச்சுண்ணாம்பே சாறு புளித்துக் கள்ளாகாமல் தடுத்துப் பதநீராக வைக்கிறது. இறக்கிய பதநீரை அவர் மனைவி அடுப்பேற்றிக் காய்ச்சுகிறார். பதம் கண்டு சிரட்டைகளில் ஊற்றிக் கருப்பட்டியாக்குகிறார். இவ்விருவர் உழைப்புக்கும் சந்தையில் எதிரியாக நிற்பது, சர்க்கரையைக் கலந்து காய்ச்சிய மலிவான போலிக் கருப்பட்டி. விலை கட்டாதபோது பிள்ளைகள் மரமேற மறுக்கின்றனர். அவர்களைக் குறை கூறுவதும் முறையன்று.

இராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும் எனத் தமிழக அரசு 2021இல் அறிவித்தது. இவை வரவேற்கத்தக்கன. ஆனால் மரத்தைக் காக்கும் ஆணை, மரமேறுபவருக்குப் பிழைப்பைத் தந்துவிடாது. வழிச்செல்வோர் இறங்கி நின்று, பனையோலைப் பட்டையில் பதநீரை வாங்கிப் பருகி, உரிய விலை கொடுத்தால் அது நிகழும். விடுதிக் கூடத்தில் வண்ணப் புட்டியில் அடைத்து வைத்தால் பானம் விற்கலாம். பனையேறியின் வீட்டுக்கு அதனால் வருவது சிறிதே. கிரிங்கான் சிற்றூர் உணர்த்தும் பாடமும் இதுவே: பயணியை ஆக்குவோரின் வாசலுக்கு அழைத்து வருதல் வேண்டும்.

இதில் இலக்கிய வட்டத்துக்கு என்ன பணி என வினவலாம். பாளை, கலயம், பட்டை, சிரட்டை, நுங்கு, பனங்கிழங்கு, பனங்கற்கண்டு ஆகியவை அகராதியில் பிறந்த சொற்கள் அல்ல. வேலை செய்யும் வாயில் பிறந்தவை. தொழில் நின்றால் இன்னும் ஏட்டில் ஏறாத சொற்கள் சுவடின்றி மறையும். பாளை சீவுதலின் நுட்பங்களுக்கும், காய்ச்சும் பதத்தின் படிநிலைகளுக்கும் ஊருக்கு ஊர் தனிச் சொற்கள் உண்டு. பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டத்தின் கவிஞர்கள், வரும் பதநீர்க் காலத்தில் பனங்காடுகளுக்கும் கீழக்கரை அடுக்களைகளுக்கும் சென்று, அச்சொற்களைச் சொல்பவர் ஒலிப்பிலேயே எழுதித் தொகுத்தல் வேண்டும். திருப்புல்லாணிக்கு வரும் பயணியின் கையில் கொடுக்க அதனினும் சிறந்த வழிகாட்டி நூல் இருக்க இயலாது. அத்தொகுப்பின் முதற்படி, சொற்களைத் தந்த பனையேறியின் வீட்டுக்கே சென்று சேரட்டும்.