பிராக் சதுக்கத்தில் ஒரு வைத்தியர்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று பயமுறுத்தத்தான் போகிறார் என்று நீங்கள் நினைத்திருக்கக்கூடும். இன்றைக்கு அதை விட்டுவிடுகிறேன். செக் குடியரசின் தலைநகரான பிராக்கில், பழைய நகரச் சதுக்கத்தில் நான் கழித்த ஒரு பிற்பகலைப் பற்றியும், அங்கே நான் அறிந்துகொண்ட ஒரு வைத்தியரைப் பற்றியும் சொல்லப் போகிறேன்.

அந்தச் சதுக்கத்துக்குப் போகிறவர்கள் முதலில் தேடுவது மணிக்கூட்டைத்தான். 1410ஆம் ஆண்டில் செய்யப்பட்ட வானியல் மணிக்கூடு அது. பழைய நகர மண்டபத்தின் தெற்குச் சுவரில் இருக்கிறது. சூரியனும் சந்திரனும் எந்த இராசியில் நிற்கின்றன என்பதைக்கூடக் காட்டும். பகல் முழுவதும் மணிக்கு ஒரு தடவை, பக்கத்தில் நிற்கும் எலும்புக்கூடு கயிற்றை இழுத்து மணி அடிக்கும். மேலே இரண்டு சிறிய யன்னல்கள் திறந்து, பன்னிரண்டு அப்போஸ்தலர்களின் உருவங்கள் வந்து போகும். சனமெல்லாம் கைத்தொலைபேசியை உயர்த்திக்கொண்டு அண்ணாந்து நிற்கும். சிறிது நேரத்தில் எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்துவிடும்.

அதே கட்டடத்தின் கிழக்குப் பக்கம் திரும்பினால், அண்ணாந்து பார்க்க ஒன்றும் இல்லை, குனிந்துதான் பார்க்கவேண்டும். நிலத்தில் கல்லோடு கல்லாக 27 வெள்ளைச் சிலுவைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. 1621 யூன் 21 என்ற திகதியும் இருக்கிறது. சுவரிலே பெயர்கள்.

நடந்தது இதுதான். 1618இல் பொஹீமியாவின் புரட்டஸ்தாந்து பிரபுக்கள் ஹப்ஸ்பேர்க் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். 1620 நவம்பர் 8ஆம் திகதி, பிராக்குக்கு அருகே வெள்ளை மலையில் நடந்த சமரில் தோற்றுப்போனார்கள். அடுத்த ஆண்டு அவர்களின் தலைவர்கள் 27 பேர் இந்தச் சதுக்கத்தில், ஊர் பார்த்திருக்கக் கொல்லப்பட்டார்கள். பிரபுக்கள் 3 பேர், வீரப்பட்டம் பெற்றவர்கள் 7 பேர், நகரவாசிகள் 17 பேர். அந்தப் பெயர்களுக்குள் ஒரு வைத்தியரின் பெயரும் இருக்கிறது: யான் யெசேனியஸ்.

மருத்துவபீடத்தில் முதலாம் வருடத்தில் உடற்கூற்றியல் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்க நியாயம் உண்டு. எனக்கு அங்கேதான் தெரியவந்தது. 1600ஆம் ஆண்டு பிராக்கில் முதன்முதலாக மனித உடலைப் பொதுமக்கள் முன்னிலையில் கூறிட்டு விளக்கியவர் இவர். அதை மறு ஆண்டே நூலாகவும் வெளியிட்டார். அதே 1601இல் வானியல் அறிஞர் டைக்கோ பிராஹே பிராக்கில் காலமானார். சதுக்கத்தின் மேலாக இரட்டைக் கோபுரம் தெரிகிறதே, அந்தத் தீன் தேவாலயத்தில்தான் அவரை அடக்கம் செய்தார்கள். அன்று அங்கே அஞ்சலி உரை நிகழ்த்தியவர் யெசேனியஸ். 1617இல் பிராக் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். கிளர்ச்சி தொடங்கியதும், கிளர்ச்சிக்காரரின் தூதுவராக ஹங்கேரிக்குப் போய் அவர்களுக்காகப் பேசினார்.

இருபது வருடங்களுக்கு முன் தான் அஞ்சலி உரை நிகழ்த்திய தேவாலயம் கண்ணெதிரே நிற்க, முதலில் அவருடைய நாவை அறுத்தார்கள். பிறகுதான் தலையை வெட்டினார்கள். உடலையும் நான்காகக் கூறிட்டார்கள். கொல்லப்பட்டவர்களில் 12 பேரின் தலைகளை ஆற்றுப் பாலத்துக் கோபுரத்தில் தொங்கவிட்டார்கள். பெரும்பாலானவை பத்து வருடங்கள் அங்கேயே இருந்தன.

யெசேனியஸ் புனிதர் அல்லர். அரசியலில் ஒரு பக்கம் சேர்ந்து நின்றவர். ஆனாலும் அந்தத் தண்டனையின் ஒழுங்குமுறை என்னை விட்டுப் போகவில்லை. உடலைக் கூறிடத் தெரிந்த கையைப் பற்றி அரசுக்குக் கவலையில்லை. அது முதலில் தேடியது நாவைத்தான்.

சதுக்கத்தின் நடுவே யான் ஹுஸின் பெரிய சிலை நிற்கிறது. திருச்சபையின் குறைகளை மக்கள் மொழியில் பிரசங்கித்ததற்காக, 1415இல் கொன்ஸ்தான்ஸ் நகரில் உயிரோடு எரிக்கப்பட்டவர் அவர். ஐந்நூறு வருடங்கள் கழித்து, 1915 யூலை 6ஆம் திகதி சிலையைத் திறக்க வேண்டியிருந்தது. ஆட்சியாளர் முறையான விழாவுக்கு அனுமதி தரவில்லை. பேச்சு ஒன்றும் இல்லாமல், மக்கள் பூக்களைக் கொண்டுவந்து சிலையை மூடினார்கள்.

இதையெல்லாம் இங்கே ஏன் சொல்கிறேன்? வைத்தியம் கைத்தொழில் என்றுதான் நாங்களும் நினைக்கிறோம், பிறரும் நினைக்கிறார்கள். முகம் வீங்கி, நெற்றி பிளந்து ஒரு பெண் வருவாள். கூட வந்தவர்கள், “கிணத்தடியில வழுக்கி விழுந்தவ எண்டு எழுதிவிடுங்கோ டொக்டர், குடும்ப விசயம்” என்பார்கள். தையல் போட அதிக நேரம் எடுக்காது. அவளைத் தனியே கூட்டிப்போய் இருத்தி, “என்ன நடந்தது பிள்ளை?” என்று கேட்டு, காயத்தை உள்ளபடி குறிப்பேட்டில் எழுதுவதற்குத்தான் நேரமும் நெஞ்சுரமும் வேண்டும். யாரும் எங்கள் நாவை அறுக்கப் போவதில்லை. ஒரு முகச்சுளிப்பு, ஒரு தொலைபேசி அழைப்பு, விரும்பாத ஓர் இடமாற்றம். எங்கள் நா அடங்குவதற்கு அவ்வளவே போதுமாகிவிடுகிறது.

கத்தி பிடிக்க என்னைப் பழக்கியது மருத்துவபீடம். எழும்பி நின்று பேசப் பழக்கியது இந்தப் பள்ளிக்கூடம். “பொம்பிளைப் பிள்ளை வாய் காட்டாதை” என்று ஊர் சொன்ன காலத்தில், காலைப் பிரார்த்தனை மேடையிலும் விவாதப் போட்டியிலும் எங்களை ஏற்றிவிட்டு, “கடைசி வாங்குக்கும் கேட்கச் சொல்லு” என்றார்கள் எங்கள் ரீச்சர்மார். அந்தக் குரல் மேடைக்கு மட்டும் என்று அவர்கள் நினைத்திருக்கமாட்டார்கள். வைத்தியசாலையில், நீதிமன்றத்தில், வங்கியில், பாடசாலையில், வீட்டில் என்று எங்கே இருந்தாலும் அது எங்களுக்குத் தேவைப்படுகிறது.

யெசேனியஸின் நூல் அழியவில்லை. சிலோவாக்கியாவில் மார்ட்டின் நகரிலுள்ள மருத்துவபீடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. புலம்பெயர்ந்து ஐரோப்பாவில் வாழும் எங்கள் தோழியர் பலர் விடுமுறைக்குப் பிராக் போவீர்கள். மணிக்கூட்டைப் பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். பிறகு ஒரு பத்து நிமிடம் கிழக்குப் பக்கம் போய், அந்தச் சிலுவைகளைப் பிள்ளைகளைக் கொண்டே எண்ணச் சொல்லுங்கள். ஏன் என்று அவர்கள் கேட்பார்கள். கேட்டால் சொல்லுங்கள்.