மடையைத் திறப்பவர்



பட்டம் பெறும் பிள்ளைகளே, நான் பாசனப் பொறியாளன். விடுதி அறையில் விடிய விடிய உட்கார்ந்து மடையின் நீர்ப்போக்குச் சூத்திரத்தை உருப்போட்டவர்கள் நாங்கள். அந்த மடையைத் திறப்பவர் யார் என்பது எந்தப் பாடத்திலும் இல்லை. வேலைக்கு வந்து ராமநாதபுரம் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் நின்றபோதுதான் அவரைப் பார்த்தேன்.

நீர்ப்பாய்ச்சி என்பார்கள், சில ஊர்களில் நீர்க்கட்டி. தண்ணீர் குறைந்த வருஷத்தில் மடையில் வேறு யாரும் கைவைக்கக் கூடாது. மண்வெட்டியோடு வயலில் இறங்குவார். கால் எதுவரை நனைகிறது என்று பார்ப்பார். போதுமென்றால் அந்த வயலின் வாமடையை மண்ணால் அணைத்துவிட்டு, தண்ணீரை அடுத்த வயலுக்குத் திருப்புவார். வரப்பில் நிற்கும் நிலக்காரர் மறுபேச்சுப் பேசமாட்டார். தன் முறை கட்டாயம் வரும் என்று கடைமடைக்காரருக்குத் தெரியும். ராத்திரியில் வாய்க்காலை வெட்டிவிடும் எண்ணம் அவருக்கு எழாது. அறுவடையில் நீர்ப்பாய்ச்சிக்குக் கூலியை நெல்லாக அளப்பார்கள். பெரும்பாலும் தலித் மக்கள்தான் இந்த வேலையைச் செய்தார்கள். பயிரையே அவரிடம் ஒப்படைத்த ஊர், அவரைச் சமமாக உட்காரவைக்கவில்லை. அதையும் இந்த மேடையில் சொல்லியாக வேண்டும்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் உண்டு. பல தூர்ந்து கிடப்பதற்கு மழையை மட்டும் குறை சொல்லாதீர்கள். கிணறும் மோட்டாரும் வந்தபின் வசதியுள்ளவருக்கு மடைமுறை தேவைப்படவில்லை. வரத்துக்கால் வெட்ட அவர் வரவில்லை; அதைப் பார்த்து அடுத்தவரும் வரவில்லை. பொதுச்சொத்தை ஊரார் தாங்களே வகுத்த விதிகளால் காக்க முடியும் என்று காட்டிய எலினோர் ஆஸ்ட்ரமுக்கு 2009இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. அந்த விதிகளுக்கு உயிர் கொடுப்பது, அடுத்தவரும் கட்டுப்படுவார் என்கிற நம்பிக்கைதான் என்பது என் அனுபவம்.

அந்த நம்பிக்கையைக் காண, சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டிக்குப் போய்வாருங்கள். வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகளுக்காக அங்கே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பக்கத்து வீட்டிலும் வெடிக்கமாட்டார்கள் என்று தெரிந்தே பிள்ளைகள் வளர்கிறார்கள்.

நாளை உங்களில் சிலர் நகராட்சிக்குத் திட்டம் போடுவீர்கள். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுக்கும் ஓர் அம்மா, தெருமுனையில் குப்பை வண்டியில் இரண்டையும் ஒன்றாகக் கொட்டுவதைப் பார்த்தால் மறுநாள் பிரிக்கமாட்டார். அவருக்கு விழிப்புணர்வு நோட்டீஸ் கொடுத்துப் பயனில்லை. முதலில் வண்டியில் தடுப்பு வையுங்கள். அந்தக் குப்பை உரமாகும் இடத்தை அவரும் தெருவாசிகளும் நேரில் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள்.