சொன்னதை அப்படியே சொல்லு

(மூத்தோருக்கான சுகாதார நிகழ்ச்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலை உடற்பயிற்சியை முடித்த களைப்பையும் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. நான் மருத்துவர் இல்லை, தாதியும் இல்லை. மொழிபெயர்ப்பாளர். உங்கள் வீட்டுக்கு வரும் சுகாதாரக் கையேடுகள், கடிதங்கள் சிலவற்றை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருவது என் வேலை. அதில் ஏதாவது ஒரு சொல் புரியாமல் நீங்கள் யாரையாவது திட்டியிருந்தால், அது என்னையாகவும் இருக்கலாம்.

இங்கே இருக்கும் பலருக்கு என் அம்மா வயது. உங்களுக்கு வாழ்க்கைப் பாடம் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. அதனால் எனக்குச் சொல்லிக் கொடுத்த ஒருத்தியைப் பற்றிப் பேசுகிறேன். உயர்நிலைப் பள்ளியில் முதல் நாளிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள். பிறகு பாலர் பள்ளியில் தமிழாசிரியை ஆனாள். 2023ஆம் ஆண்டு நவம்பர் மாதம், 35 வயதில், பெருங்குடல் புற்றுநோயால் இறந்துபோனாள். அவள் பெயரைச் சொல்லப் போவதில்லை. என் தோழி என்றே சொல்கிறேன்.

வெட்கத்தில் போன ஒன்பது மாதம்

2022ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். பெருங்குடல் புற்றுநோயின் அறிகுறிகள் பற்றியது. 'மலத்தில் ரத்தம்' என்று எழுதினால் வயதானவர்கள் முகம் சுளிப்பார்களோ என்று எனக்குச் சந்தேகம். இப்படிப்பட்ட நேரத்தில் நான் தோழிக்குத்தான் தொலைபேசியில் அழைப்பேன். "வெளிக்குப் போகும்போது ரத்தம் வருவது என்று போடலாமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை.

பிறகு, "எனக்கு அப்படித்தான் வருது. மூலம்னு நினைச்சேன்" என்றாள்.

எத்தனை நாளாக என்று கேட்டேன். ஒன்பது மாதமாக. மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் போட்டிருக்கிறாள். களைப்பாக இருந்தது, எடை குறைந்தது. பிள்ளைகளோடு ஓடி ஆடும் வேலை, அதனால்தான் என்று நினைத்திருக்கிறாள். "ஏண்டி சொல்லலை?" என்றேன். "இதையெல்லாம் எப்படிடி வெளியில சொல்றது?" என்றாள்.

அந்த வாரமே மருத்துவரிடம் போனாள். கொலனோஸ்கோப்பி செய்தார்கள். அதாவது, நுனியில் சிறு கேமரா உள்ள குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை. அதற்குள் நோய் கல்லீரலுக்கும் பரவியிருந்தது.

மூலத்திலும் ரத்தம் வரும் என்பது உண்மைதான். மூலமா, வேறொன்றா என்பதை வீட்டில் உட்கார்ந்து நாமே முடிவுசெய்ய முடியாது. ரத்தம் வந்தால், வழக்கமாகப் போகும் முறை மாறி அப்படியே நீடித்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், வயது எதுவானாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெண் மருத்துவர்தான் வேண்டும் என்றால் அதையும் கேட்கலாம். அவர்களுக்கு இது அன்றாடம் கேட்கும் பேச்சு. வெட்கப்படுவது நாம் மட்டும்தான்.

அண்ணனுக்கு விட்டுச்சென்றது

சிகிச்சை தொடங்கிய மாதமே தோழி ஒரு வேலையை முடித்தாள். அவளுடைய அண்ணனைப் பிடித்து உட்கார வைத்து, "நீயும் சோதனை செய்துகொள்" என்றாள். அவர் தட்டிக்கழித்தார். நன்றாகத்தானே இருக்கிறேன் என்றார். "நானும் நல்லாத்தான் இருந்தேன்" என்றாள். அதற்கு மேல் அவரால் ஒன்றும் பேச முடியவில்லை.

அண்ணனுக்குச் செய்த கொலனோஸ்கோப்பியில் பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சி இருந்தது. அப்போதே எடுத்துவிட்டார்கள். எல்லாப் பாலிப்பும் புற்றுநோயாக மாறாது. ஆனால், பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் இப்படிப்பட்ட வளர்ச்சியிலிருந்துதான் பல ஆண்டுகளில் உருவாகிறது. முன்னாலேயே எடுத்துவிட்டால் அந்தப் பாதை அங்கேயே அடைபட்டுவிடும். அண்ணன் இன்றும் சொல்வார், "என் தங்கச்சி எனக்கு விட்டுட்டுப் போன சொத்து இது" என்று.

பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் இவர்களில் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால், அதை உங்கள் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்கள் 50 வயதுவரை காத்திருக்காமல் முன்கூட்டியே சோதிக்க வேண்டியிருக்கலாம். உங்களுக்கு இந்த நோய் வந்து குணமாகியிருந்தால் அதைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். அது அவர்களுக்குத் தேவையான தகவல்.

குடும்பத்தில் யாருக்கும் இல்லை, அறிகுறியும் இல்லை என்றால், 50 வயதிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை 'ஃபிட்' சோதனை செய்யலாம். வீட்டிலேயே மலத்தில் சிறு மாதிரி எடுத்து அனுப்பும் சோதனை. கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தையும் அது காட்டும். அதற்காகச் சாப்பாட்டில் எதையும் ஒதுக்கத் தேவையில்லை. உங்களில் எத்தனை பேர் வீட்டில் அந்தப் பெட்டி அலமாரிக்குள் கிடக்கிறது? கை தூக்க வேண்டாம். என் அம்மா வீட்டில் ஒன்றரை ஆண்டு கிடந்தது. தோழியின் ஈமச்சடங்கு முடிந்து வந்த மறுவாரம் அம்மா தானே எடுத்துப் பார்த்தார். காலாவதித் தேதி முடிந்திருந்தது. புதிய பெட்டி வாங்கி வந்து செய்தார். இப்போது ஒவ்வோர் ஆண்டும் தன் பிறந்தநாள் மாதத்தில் செய்துவிடுகிறார்.

நான் மாற்றிச் சொன்ன ஒரு வாக்கியம்

இனி நான் சொல்லப் போவது எனக்குப் பெருமை தரும் விஷயமில்லை.

2023 அக்டோபர் கடைசி. தோழி மருத்துவமனையில் இருந்தாள். அவளுடைய அம்மாவுக்குத் தமிழ் தெரியும், மலாய் நன்றாகத் தெரியும், ஆங்கிலம் மிகக் கொஞ்சம். அண்ணன் வேலையிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. மருத்துவர் வந்தார். நிதானமாக, அன்பாகப் பேசினார். மருந்து இனி வேலை செய்யவில்லை, தொடர்ந்தால் பயனைவிடத் துன்பமே அதிகம், இருப்பது சில வாரங்களாக இருக்கலாம் என்றார். பிறகு என்னைப் பார்த்து, அம்மாவுக்குத் தமிழில் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

பல்கலைக்கழகத்தில் மொழி படித்தவள் நான். சம்பளம் வாங்கிக்கொண்டு இதையே செய்கிறவள். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். "வேற மருந்து மாத்திப் பார்க்கலாம்னு சொல்றாரும்மா" என்றேன்.

கட்டிலில் கண் மூடிப் படுத்திருந்த தோழி கண்ணைத் திறந்தாள். "ஆபீஸ்லயும் நீ இப்படித்தான் மொழிபெயர்க்கிறியா?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எனக்குப் பேசத் தெம்பில்லை. நீதான் சொல்லணும். சொன்னதை அப்படியே சொல்லு" என்றாள்.

சொன்னேன். ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னேன். அம்மா அழுவார், மயங்கி விழுவார் என்றெல்லாம் பயந்துகொண்டே சொன்னேன். அம்மா அழவில்லை. மகளின் காலைத் தடவிக்கொண்டே, "அப்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமான்னு டாக்டர்கிட்ட கேளு" என்றார்.

அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பெற்ற வயிறு அல்லவா? ஆனால், எல்லாரும் மறைக்கும்போது தான் மட்டும் எப்படிக் கேட்பது என்று அடக்கி வைத்திருக்கிறார். பிறகு இன்னொன்று சொன்னார். மகள் குணமாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, தீபாவளிக்கு மறுநாள் திருச்செந்தூருக்குப் போக டிக்கெட் எடுத்திருந்தார். கந்தசஷ்டி விரதத்தை அங்கே இருந்து முடித்து, இரண்டு வாரம் கழித்துத் திரும்புவதாக எண்ணம். அன்று மாலையே அதை ரத்து செய்யச் சொன்னார்.

அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 12. அங் மோ கியோவில் அவர்கள் வீட்டில் கொண்டாடினோம். தோழி முறுக்கு ஒன்றை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பு பத்தலை" என்றாள். அம்மா ஆறு நாள் விரதத்தையும் மகள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தார். சூரசம்ஹாரத்துக்கு மறுநாள் விடிகாலையில், அம்மாவின் கை தன் நெற்றியில் இருக்கும்போதே தோழி போய்ச் சேர்ந்தாள்.

என் பொய் நின்றிருந்தால், அந்த அம்மா அன்று திருச்செந்தூரில் இருந்திருப்பார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு நடுங்குகிறது. அன்பினால்தான் மாற்றிச் சொன்னேன். அந்த அன்பு ஒரு தாயிடமிருந்து எதைப் பறித்திருக்கும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

நீங்களும் மறைக்கிறீர்கள்

இளையவர்கள் பெரியவர்களிடம் மறைப்பதைச் சொன்னேன். பெரியவர்கள் செய்வதையும் சொல்ல வேண்டும், மன்னித்துக்கொள்ளுங்கள். "பிள்ளை வேலைக்குப் போற நேரம், அவனை ஏன் தொந்தரவு பண்ணணும்?" என்று குளியலறையில் வழுக்கி விழுந்ததைச் சொல்லாமல் விடுகிறீர்கள். மாத்திரை தலைசுற்ற வைக்கிறது என்று நீங்களாகவே பாதியாகக் குறைத்துவிட்டு, மருத்துவரிடம் "ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்" என்கிறீர்கள். அவர் அதை நம்பி மருந்தின் அளவைக் கூட்டினால் என்ன ஆகும்? நெஞ்சு வலித்தாலோ, ஒரு பக்கம் கை கால் மரத்துப்போனாலோ மகள் வரும்வரை காத்திருக்காதீர்கள். உடனே 995 அழையுங்கள்.

மருத்துவரைப் பார்க்கும்போது பேரப்பிள்ளையோ உறவினரோ மொழிபெயர்த்தால், என் தோழி சொன்னதை நீங்களும் சொல்லுங்கள்: "அவர் சொன்னதை அப்படியே சொல்லு." சந்தேகமாக இருந்தால், தமிழ் தெரிந்த தாதியோ ஊழியரோ இருக்கிறாரா என்று கேளுங்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்லி, "நான் புரிந்துகொண்டது சரியா?" என்று உறுதிப்படுத்துங்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது.

தெம்பு இருக்கும்போதே பேசுவது

கடைசியாக ஒன்று. முன்கூட்டிய பராமரிப்புத் திட்டம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆங்கிலத்தில் சுருக்கமாக ஏசிபி என்பார்கள். அந்தச் சொல்லை நான் எத்தனையோ முறை தட்டச்சு செய்திருக்கிறேன். அதன் பொருளை ஒரு சனிக்கிழமை இரவில்தான் தெரிந்துகொண்டேன்.

தோழி வீட்டுக்கு வந்த முதல் வார இறுதி. இரவில் அவளுக்கு மூச்சு முட்டியது. வந்திருந்த உறவினர்கள் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றார்கள். அவளால் பேச முடியவில்லை. ஆனால், சில மாதங்களுக்கு முன்பே ஏசிபி பற்றிப் பேசி, தன் சார்பில் பேச அண்ணனை நியமித்திருந்தாள். கடைசி நாள்கள் வீட்டில்தான், வலியும் மூச்சுத்திணறலும் குறைய வேண்டும், குழாய்கள் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியிருந்தாள். அண்ணன், வீட்டுக்கு வந்து கவனிக்கும் அந்திமகாலப் பராமரிப்புக் குழுவை அழைத்தார். தாதி வந்து மருந்து கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் அவள் தூங்கினாள். "நான் செய்தது சரிதானா என்று இன்றுவரை ஒருநாள்கூட யோசித்ததில்லை. அவள் சொன்னதைத்தான் செய்தேன்" என்கிறார் அண்ணன்.

ஏசிபி செய்ய நோய் வர வேண்டியதில்லை. 21 வயதானவர் எவரும் செய்யலாம். எண்ணம் மாறினால் திருத்தலாம். எல்லாருமே உங்களைப் போல வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று அதில் சட்டமில்லை. சிலருக்கு எல்லாச் சிகிச்சையும் முயன்று பார்க்க வேண்டும் என்றிருக்கும். அதையும் சொல்லலாம். உங்கள் விருப்பம் என்ன என்று பிள்ளைகள் ஊகிக்கும்படி விட்டுவிடாதீர்கள். ஊகிக்கும்போதுதான் அண்ணன் தம்பிக்குள் சண்டை வருகிறது.

எப்படித் தொடங்குவது என்று கேட்பீர்கள். என் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோசை ஊற்றிக்கொண்டே தொடங்கினார். "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரைக் கேட்பாங்க? உன்னைத்தானே? அப்ப கேட்டுக்கோ" என்றார். நான் "ஏம்மா இப்ப?" என்றேன். "அந்தப் பிள்ளை உனக்குச் சொல்லிக் கொடுத்தது மறந்து போச்சா?" என்றார். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டேன்.

இன்று வீட்டுக்குப் போனதும் யாரிடம் எதைச் சொல்லாமல் வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அதை அப்படியே சொல்லிவிடுங்கள்.



நினைவில் கொள்ளுங்கள்

• மலத்தில் ரத்தம், நீடிக்கும் மாற்றம், காரணமற்ற எடை இழப்பு: சோதனைப் பெட்டிக்குக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். ஃபிட் சோதனை அறிகுறி இல்லாதவர்களுக்கு உரியது.

• 50 வயதானவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஃபிட் சோதனை செய்யுங்கள். வீட்டில் உள்ள பெட்டியின் காலாவதித் தேதியை இன்றே பாருங்கள்.

• 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் 40 வயதானவர்கள் சேரலாம். சேர்ந்த சிங்கப்பூரர்களுக்கு, தேசிய அளவில் பரிந்துரைக்கப்பட்ட சுகாதாரப் பரிசோதனைகள் இலவசம். உங்கள் குடும்ப மருத்துவரிடம் கேளுங்கள்.

• உங்கள் சார்பில் பேசப் போகிறவர் யார் என்பதை முடிவுசெய்து, அவரிடமும் சொல்லுங்கள்.