எழுந்து நடக்கும் முதுமை

(முதியோர் ஞாயிறன்று நம் பங்கில் ஆற்றிய உரை)



பாப்பரசர் பிரான்சிஸ் 2021-ஆம் ஆண்டில் ஏற்படுத்திய முதியோர் தினம் ஜூலை மாதத்து நான்காம் ஞாயிறன்று வருகிறது. நமக்கோ அது சாரல் காலம். குற்றாலத்தில் கூட்டம், தென்காசி வீதிகளில் ஈரம், வீட்டுக்குள் முடங்கும் வயோதிகர்கள்.

நோயாளிகளைப் பார்க்க வீடுகளுக்குச் செல்லும்போது நாம் அடிக்கடி கேட்கும் மன்றாட்டு ஒன்றுண்டு. "சாமி, ரொம்ப ஆயுசு வேண்டாம். கக்கூசுக்குத் தானா எந்திரிச்சுப் போற வரைக்கும் இருந்தாப் போதும்." நியாயமான ஆசைதான். இதில் பாதியாவது நம் கையிலேயே இருக்கிறது.

நம் தாய்மார் பலர் சிறு வயது முதல் மடியில் பீடித் தட்டை வைத்துக்கொண்டு நாள் முழுதும் தரையில் உட்கார்ந்தவர்கள். "உழைத்த உடம்புக்கு உடற்பயிற்சி எதற்கு?" என்று கேட்கிறார்கள். உழைத்தவை விரல்கள், தொடைகள் அல்லவே! பயன்படுத்தாத தசை எந்த வயதிலும் மெலியும். முதுமையில் விரைவாகவே மெலியும். ஒருமுறை தடுக்கி விழுந்தவர் பயந்து உட்கார்ந்துவிடுகிறார். உட்கார உட்காரக் கால் வலுவிழக்கிறது. வலுவிழந்த கால் மறுபடியும் விழச் செய்கிறது. அவ்வாறு விழும்போதுதான் இடுப்பு எலும்பு முறிகிறது.

65 வயதைக் கடந்தோர் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமாக உடலை இயக்க வேண்டும் என்றும், வாரத்தில் மூன்று நாளாவது கால் வலுவுக்கும் தள்ளாடாமல் நிற்பதற்கும் பயிற்சி வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020-ல் கூறியது. நியூசிலாந்தில் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் வீட்டிலேயே செய்யும்படி வகுத்த பயிற்சிகளால் முதியோர் விழுவது ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்தது. எல்லாம் எளியவையே.

கைப்பிடியுள்ள உறுதியான நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். பாதங்களைச் சற்றே பின்னிழுத்து, உடலை முன்சாய்த்து, எழுந்து நில்லுங்கள். பிறகு மெதுவாக உட்காருங்கள். தொப்பென்று விழக்கூடாது, மெதுவாக உட்காருவதில்தான் தொடைக்கு வேலை. முதலில் ஐந்து முறை போதும். கையை ஊன்றினாலும் குற்றமில்லை. அடுத்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்தி இறக்குங்கள். பின்னர் ஒரு பாதத்துக்கு நேர் முன்னே மறு பாதத்தை வைத்துப் பத்து எண்ணும்வரை நில்லுங்கள். அருகே ஒருவர் இருப்பது நலம். நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத் திணறல் கண்டால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் செல்லுங்கள். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவோர் படுக்கையிலிருந்து சட்டென எழ வேண்டாம்.

"அருவியில் நின்றால் உடம்பு பிடித்துவிட்டாற்போல் இருக்கிறதே, அது போதாதா?" என்பார் சிலர். சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே வேலை செய்வது தண்ணீர். நம் தசை அல்ல. பாசி படிந்த பாறையும் பொல்லாதது. 2024 மே 17-ஆம் நாள் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் ஓர் இளைஞனையே கொண்டுபோனது. தள்ளாத வயதினர் தனியே போக வேண்டாம்.

வெளியே வர இயலாதவர்களுக்கு ஒரு செய்தி. 2021 ஆகஸ்டு 5 அன்று தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து தரும் இயன்முறைச் சிகிச்சையும் அடங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் ஒரு வார்த்தை. "நீங்க உக்காருங்கப்பா, நான் எடுத்தாரேன்" என்பது அன்புதான். நாள் முழுதும் அதையே சொன்னால் அவர் காலை நீங்களே கட்டிப்போட்டதாகும். தண்ணீர்ச் செம்பை அவரே எழுந்து எடுக்கட்டும். நீங்கள் குளியலறையில் ஒரு கைப்பிடி பொருத்துங்கள். வழுக்கும் செருப்பை மாற்றுங்கள். இரவில் நடைவழியில் ஒரு விளக்கு எரியட்டும்.

கோவிலில் முழந்தாட்படியிட முடியாதவர்கள் உட்கார்ந்தே செபிக்கலாம். அதைப் பற்றிச் சஞ்சலம் வேண்டாம். முடிந்தவர்கள் முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுங்கள். பூசை முடிந்ததும் அவசரமாக வெளியேறும் இளைஞர்கள் அவர்களுக்கு வழிவிட்டு நில்லுங்கள்.