எந்த விலையில் எவ்வளவு?

பங்குச் சந்தைச் செய்தியில் ஒரு வாக்கியம் அடிக்கடி வரும்: "இன்று இந்தப் பங்கு 105 ரூபாயைத் தொட்டது." தொட்டது உண்மைதான். ஆனால் அந்த 105 ரூபாய்க்கு எத்தனை பங்கு கைமாறியது? அதை யாரும் சொல்வதில்லை. முகூர்த்த நாளில் மதுரை மல்லி கிலோ மூவாயிரம் என்று பேப்பரில் போடுவார்கள். பூ மார்க்கெட்டில் போய் விசாரித்தால், அந்த விலைக்கு விடிகாலையில் நாலைந்து கிலோதான் போயிருக்கும். மூட்டை மூட்டையாகப் போனது வேறொரு விலையில். உச்சத்தில் விற்ற விலை ஒன்று, ஊரே வாங்கிய விலை இன்னொன்று. பங்குச் சந்தையில் அந்த இரண்டாவது விலையைக் கண்ணால் பார்க்க ஒரு படம் இருக்கிறது. வானொலியில் படம் காட்ட முடியாது என்பதால், பக்கத்தில் தாளும் பேனாவும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமான சார்ட்டில் இடமிருந்து வலமாக நேரம் ஓடும். கீழிருந்து மேலாக விலை ஏறும். ஒவ்வொரு நாளுக்கும் அன்றைய விலை ஏறி இறங்கியதைக் காட்டும் ஒரு கேண்டில். அடியில் குச்சி குச்சியாக நிற்பது வால்யூம், அதாவது அன்றைக்கு மொத்தம் எத்தனை பங்கு கைமாறியது என்ற கணக்கு. எந்த நாளில் கூட்டம் அதிகம் என்று அந்தக் குச்சியைப் பார்த்தால் தெரியும். கூட்டம் எந்த விலையில் நின்றது என்று தெரியாது.

இப்போது அதே கணக்கை நாள்வாரியாகக் கூட்டாமல் விலைவாரியாகக் கூட்டுவோம். நம் பங்கில் ஒரே நாளில் ஒரு லட்சம் பங்குகள் கைமாறின என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 ரூபாயில் 5 ஆயிரம், 101இல் 12 ஆயிரம், 102இல் 40 ஆயிரம், 103இல் 30 ஆயிரம், 104இல் 10 ஆயிரம், 105இல் வெறும் 3 ஆயிரம். தாளின் ஓரத்தில் இந்த ஆறு விலைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் அளவுக்குத் தக்கபடி ஒரு படுக்கைப் பட்டை போடுங்கள். 102க்கு எதிரே பட்டை நீண்டு நிற்கும். 105க்கு எதிரே ஒரு பொட்டுதான்.

இதற்குப் பெயர் வால்யூம் ப்ரொஃபைல். இருப்பதிலேயே நீளமான பட்டைக்கு 'பாயின்ட் ஆஃப் கன்ட்ரோல்' என்று பெயர். நம் படத்தில் அது 102. அதையும் அதை ஒட்டிய விலைகளையும் எடுத்துக்கொண்டு, மொத்த வால்யூமில் 70 சதவீதம் அடங்கும்வரை விரித்தால் வருவது 'வேல்யூ ஏரியா'. 40 ஆயிரமும் 30 ஆயிரமும் சேர்ந்தால் 70 ஆயிரம்; ஆக 102, 103 இரண்டும்தான் அன்றைய வேல்யூ ஏரியா. செய்தியில் வந்த 105 அதற்கு வெளியே நிற்கிறது.

இந்த யோசனையின் வேர் சிகாகோவில் இருக்கிறது. 1848இல் தொடங்கிய சிகாகோ போர்டு ஆஃப் டிரேடில் கோதுமையும் மக்காச்சோளமும் சோயாவும் 'பிட்' எனப்படும் படிக்கட்டு வட்டங்களில் நின்று, கத்தியும் கை ஜாடை காட்டியும் விற்கப்பட்டன. அங்கே வியாபாரம் செய்த பீட்டர் ஸ்டைடில்மேயர் உருவாக்கிய 'மார்க்கெட் ப்ரொஃபைல்' முறையை அந்தச் சந்தையே 1980களின் நடுவில் வெளியிட்டது. அவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. பிட்டில் எந்த விலை கூவப்பட்டது என்பது உடனுக்குடன் தெரியும்; அந்த விலையில் எத்தனை போனது என்பது உடனே தெரியாது. அதனால் அவர் நேரத்தை எண்ணினார். முதல் அரை மணிக்கு 'ஏ', அடுத்த அரை மணிக்கு 'பி' என்று எழுத்து வைத்தார். அந்த அரை மணியில் தொட்ட ஒவ்வொரு விலைக்கு எதிரிலும் அந்த எழுத்தை எழுதுவது, அவ்வளவுதான். ஒரு விலைக்கு எதிரே ஏழெட்டு எழுத்துகள் சேர்ந்தால் சந்தை அங்கேயே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது என்று பொருள். ஒரே எழுத்தோடு நின்றுபோனால், போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. நம் ஊரில் சந்தை காலை 9.15 முதல் மாலை 3.30 வரை. அதே கணக்கில் பதின்மூன்று எழுத்துகள், 'ஏ' முதல் 'எம்' வரை.

எனக்கு இந்தப் பழைய படம் மிகவும் பிடிக்கும். கணினி இல்லாமல், கட்டம் போட்ட தாளில், காதில் விழுந்ததை வைத்தே ஒருவர் போட்டுவிடலாம். எழுத்துகள் குவிந்து நடுவில் பருத்து இருபுறமும் மெலியும்போது, படுக்க வைத்த மணி போல வரும். மணி வடிவக் கோட்டில் நடுவிலிருந்து இருபக்கமும் ஒரு திட்டவிலக்கம் வரை சுமார் 68 சதவீதம் அடங்கும் என்பது புள்ளியியல் படித்தவர்களுக்குத் தெரியும். 70 என்ற எண் அதை ஒட்டி வந்ததுதான். சந்தை தினமும் மணி வடிவத்தில்தான் நடக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆகவே அந்த 70ஐ வேதவாக்காகப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

இந்தியாவில் தேசியப் பங்குச் சந்தை 1994இலும் மும்பைப் பங்குச் சந்தை அடுத்த ஆண்டிலும் பங்கு வியாபாரத்தைத் திரைக்குக் கொண்டுவந்த பிறகு, ஒவ்வொரு பேரமும் விலை, அளவு, நேரத்தோடு பதிவாகிறது. நேரத்தை வைத்து அளவை ஊகிக்க வேண்டிய தேவை போய்விட்டது. இன்று மொபைல் செயலியில் ஒரு தட்டு தட்டினால் பட்டைகள் வந்து நிற்கும்.

தட்டுவது சுலபமானதால்தான் கவனம் வேண்டும். பல சார்ட் மென்பொருள்கள் ஒவ்வொரு பேரத்தையும் எண்ணுவதில்லை. ஒரு நிமிடமோ ஐந்து நிமிடமோ எடுத்து, அதற்குள் விலை ஏறி இறங்கிய எல்லை முழுக்க அந்த நேரத்து வால்யூமைப் பரப்பிவிடுகின்றன. பட்டை கறாராகத் தெரியும், உள்ளே இருப்பது உத்தேசம். எத்தனை பட்டைகளாகப் பிரிப்பது, எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதும் பார்ப்பவர் கையில். ஒரு மாதத்துக்குப் போட்டால் ஒரு விலை நீளும், ஒரு வருடத்துக்குப் போட்டால் வேறொன்று நீளும். தனக்குப் பிடித்த விலையில் பட்டை நீளும்வரை தேதியை நகர்த்திக்கொண்டே போகும் ஆட்களும் உண்டு.

அடுத்து, நீளமான பட்டையைக் காட்டி "இங்கே நிறையப் பேர் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், விலை திரும்ப வந்தால் விற்பார்கள்" என்பார்கள். அசல் வந்தால் போதும் என்று காத்திருக்கும் மனசு நமக்குத் தெரியாததல்ல. ஆனால் 102 ரூபாயில் 40 ஆயிரம் பங்கு வாங்கப்பட்டது என்றால், அதே 40 ஆயிரம் அங்கே விற்கவும் பட்டது. விற்றவர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். வாங்கியவர்களிலும் பாதிப் பேர் அன்று மாலைக்குள்ளேயே விற்றிருக்கலாம். ஒரே பங்கு நாலு கை மாறினால் பட்டையில் நாலாகத்தான் ஏறும். எவ்வளவு பங்கு அன்றே விற்கப்படாமல் உண்மையில் டெலிவரி எடுக்கப்பட்டது என்பதைத் தேசியப் பங்குச் சந்தை தினமும் தனியாக வெளியிடுகிறது. பட்டையைப் பார்க்கிறவர் அதையும் சேர்த்துப் பார்த்தால்தான் யார் இன்னும் உள்ளே இருக்கிறார்கள் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

பட்டையில் வரவே வராத பங்குகளும் உண்டு. 2022 மே மாதம் எல்ஐசி பங்கு வெளியீடு நடந்தது. அரசு விற்றது 22 கோடிக்கும் மேற்பட்ட பங்குகள், விலை 949 ரூபாய். மே 17ஆம் தேதி சந்தையில் பட்டியலானபோதே அதற்குக் கீழேதான் தொடங்கியது. அதன்பின் நீண்ட காலம் அந்த விலையை அது எட்டவில்லை. 2024 தொடக்கத்தில்தான் தாண்டியது. அதற்கு முன்பு யாராவது எல்ஐசிக்கு வால்யூம் ப்ரொஃபைல் போட்டிருந்தால் 949க்கு எதிரே ஒன்றுமே இருந்திருக்காது. ஒதுக்கீடு சந்தையில் நடந்த பேரம் இல்லையே! சார்ட் மட்டும் பார்த்தவருக்கு அது ஆள் நடமாட்டமே இல்லாத விலை. வெளியீட்டில் வாங்கி வைத்திருந்த குடும்பங்களுக்கோ, ஏறக்குறைய இரண்டு வருடமாகத் தினமும் கேட்டுக்கொண்டிருந்த விலை.

ஆகவே புதிதாகப் பட்டியலான பங்குக்கு இந்தப் படத்தைப் போடுகிறவர்கள், வெளியீட்டு விலையில் தாங்களே ஒரு கோடு இழுத்துக்கொள்வது நல்லது. எல்ஐசிக்கு ஒரு கோடு போதாது, மூன்று வேண்டும். பொது விலை 949. சில்லறை முதலீட்டாளர்களுக்கு 45 ரூபாய் தள்ளுபடி போக 904. பாலிசிதாரர்களுக்கு 60 ரூபாய் போக 889.