விழிப்பே காவல்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சமயமும் தமிழும் முழங்கும் இம்மேடையிலே இன்று நாம் பணத்தைப் பற்றிப் பேச வந்துள்ளோம். நெறியோடு பொருள் தேடுதல் நம் சமயத்துக்குப் புறம்பானதன்று. அவ்வாறு தேடிய பொருளைக் கள்வரிடமிருந்து காத்தலும் நமது கடமையே.

நம் அயலிலே ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கின்றார். ஒருநாள் அவரது கைத்தொலைபேசியில் ஒரு குரல் வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறிற்று. அவருடைய பெயரும் அடையாள அட்டை இலக்கமும் அதற்குத் தெரிந்திருந்தன. "உங்கள் கணக்கு இன்றே மூடப்படும், இப்பொழுது வரும் இலக்கத்தைச் சொன்னாற் காப்பாற்றலாம்" என்றது. அவர் சொன்னார். மகளின் திருமணத்துக்கென வைத்திருந்த பணம் சில நிமிடங்களிற் போயிற்று. வெட்கத்தினால் ஐந்து மாதங்கள் அவர் மனைவிக்குங்கூட அதனைச் சொல்லவில்லை. அதற்குள் அத்தகைய அழைப்பு அயலில் இன்னும் இரண்டு வீடுகளுக்கு வந்தது. அங்கும் பணம் போயிற்று.

குறுஞ்செய்தியில் வரும் அந்த இரகசிய இலக்கம் எதற்கு? நம் கணக்கிலிருந்து பணம் வெளியே போவதற்கு நாம் வைக்கும் கையொப்பம் போன்றது அது. நமக்குப் பணம் வருவதற்கு அது வேண்டியதில்லை. எந்த வங்கியும் அதனைத் தொலைபேசியிற் கேட்பதில்லை. கேட்பவன் கள்வன். அழைப்பைத் துண்டித்துவிட்டு, வங்கிப் புத்தகத்திலோ அட்டையிலோ உள்ள இலக்கத்துக்கு நாமே பேசுதல் வேண்டும்.

இன்னொரு கள்வன் உறவினரின் வாய்மொழியாக வருகின்றான். "ஐந்து பேரைச் சேர்த்துவிடு; பணம் தானாக வரும்" என்பான். கணக்கைப் பாருங்கள். முதலில் 5 பேர், பின்னர் 25, பின்னர் 125. இவ்வாறே பெருகினால் பதினொராவது படிக்கு 4 கோடியே 88 இலட்சம் பேர் வேண்டும். இலங்கையின் மொத்தச் சனத்தொகையோ ஏறக்குறைய 2 கோடியே 20 இலட்சந்தான்! கடைசிப் படியில் நிற்பவரின் காசே முதற்படியில் நின்றவரின் இலாபம். இத்தகைய பிரமிட் திட்டங்களை நம் நாட்டு வங்கித்தொழிற் சட்டத்தின் 83இ பிரிவு தடைசெய்துள்ளது. 1920 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே சாள்ஸ் பொன்சி என்பவர் 45 நாளில் நூற்றுக்கு 50 இலாபம் தருவதாகக் கூறி, புதியவர் பணத்தைப் பழையவர்க்குக் கொடுத்து வந்ததும் இதற்கு இனமான சூதே. பணத்தை வைப்பிடுமுன் அந்நிறுவனம் மத்திய வங்கியின் அனுமதி பெற்றதா எனக் கேளுங்கள்.

அடையாள அட்டையையும் அலட்சியஞ் செய்யலாகாது. அதன் பிரதியைக் கொடுக்க நேர்ந்தால், என்ன தேவைக்கு, எந்தத் திகதியில் கொடுக்கின்றோம் என்பதை அதன் குறுக்கே எழுதிக் கொடுங்கள். பிறர் நம் பெயரிற் கடன் பெறக்கூடும். நம் பெயரிலுள்ள கடன்களைக் கொடுகடன் தகவல் பணியகத்திலே கேட்டறியலாம்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது? அக்கணமே வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்துவிக்க வேண்டும்; பொலிசில் முறையிட வேண்டும்; அயலாருக்கும் சொல்ல வேண்டும். உள்ளதை மறைப்பது ஆணவத்தின் இயல்பு என்று சைவசித்தாந்தம் நமக்குக் கற்பிக்கின்றது. ஏமாந்ததை மறைக்கச் செய்யும் வெட்கமும் அதன் சாயலே. வெட்கப்பட வேண்டியவன் ஏமாற்றியவன், ஏமாந்தவரல்லர்.

வாலிபர்களே! வீட்டிலுள்ள பெரியோரின் பக்கத்தில் அமர்ந்து இவற்றை ஆறுதலாகச் சொல்லிக் கொடுங்கள். ஏமாந்தவரை ஏளனஞ் செய்யாதீர்கள். உங்கள் ஏளனத்துக்கு அஞ்சியே அவர்கள் வாய் திறப்பதில்லை. பெரியோர்களே! சந்தேகமான அழைப்பு வந்தால் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அது உங்களுக்கு இழுக்கன்று. அந்தப் பெரியவர் முதல்நாளே வாய் திறந்திருந்தால் மற்ற இரண்டு வீடுகளும் தப்பியிருக்கும். இனி நம் அயலில் எவரும் தனியே மௌனமாக அழும் நிலை வாராதிருக்க இறைவன் அருள் புரிவானாக.